மூன்றாவது ஊறல்

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஜெசிந்தா பானையை மூடினாள். முப்பது லிட்டர் பிடிக்கிற பானை, அடியில் குழாய் வைத்தது. மூடிய கையோடு ஒரு கம்பளியையும் அதன் மேல் புருஷன் அருளப்பனின் பழைய ஸ்வெட்டரையும் சுற்றி, ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டாள்; இந்த மனுஷனின் கை இப்போதுதான் ஒரு வேலைக்கு உதவியிருக்கிறது என்று சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. இனி ஒரு மணி நேரம் தொடக் கூடாது. உள்ளே ஐந்து கிலோ மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி, அறுபத்தாறு டிகிரிச் சூட்டில் ஊறி, தன் மாவை எல்லாம் சர்க்கரையாக்கித் தண்ணீரில் விட வேண்டும், அந்தச் சர்க்கரைதான் பிறகு ஈஸ்ட் போட்டுப் புளித்துப் பீர் ஆகும், இவ்வளவுதான் சங்கதி, இதற்கா இத்தனை பாடு. முதல் ஊறல் மே மாதம், இரண்டாவது ஜூனில், இரண்டுமே தண்ணீர். தண்ணீர் என்றால் தண்ணீர்தான். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறானா என்று பார்க்க ஊரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்களே, அதே வம்சத்துக் குழாய்தான் இதற்கும், இனிப்பு ஏறினால் உயர்ந்து நிற்கும், ஐம்பது என்று காட்ட வேண்டிய இடத்தில் ஒரு தடவை முப்பத்து நாலு, மறு தடவை முப்பத்து மூன்று. இது மூன்றாவது. கராஜின் இரும்புக் கதவுக்கு அடியில் மெல்பர்னின் ஜூலைக் குளிர் நுழைந்து கணுக்காலைக் கவ்வியது. முக்காலியை இழுத்துப் போட்டுப் பானைக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் அலமாரியில் இருக்கிற அந்த டின் நேராகக் கண்ணில் படுகிறது, வேறு பக்கம் திரும்பி உட்காரலாம், ஏன் திரும்ப வேண்டும், அது என்ன பெரிய ஆளா.

அந்த டின்னைக் கொடுத்தவன் கிரெக். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் கிளப் ஒன்று இந்தப் பேட்டையில் இருக்கிறது, பதினேழு பேர், பதினாறு வெள்ளைக்கார ஆம்பளைகளும் இவளும், அதற்குத் தலைவன் அவன். பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவன், தாடிக்குள் எப்போதும் ஒரு சிரிப்பு, யாரையும் புண்படுத்திப் பேசத் தெரியாது, அதுதான் கோபமே. கெட்டவனாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம், நல்லவனை என்ன செய்வது. இரண்டாவது பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரொம்ப இலகுவாக இருக்கிறது" என்றான். இலகுவாம், தண்ணீர் என்பதற்கு மரியாதையான பேர். அப்புறம் காரிலிருந்து டின்னை எடுத்து வந்து மேசைமேல் வைத்தான், மால்ட்டை ஏற்கெனவே ஊறவைத்து வடித்துக் காய்ச்சிப் பாகாக்கி அடைத்த டின், திறந்து வெந்நீரில் கரைத்தால் வேலை முடிந்தது. "இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஜெசிந்தா." பதினைந்து பேர் பீர் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு பலகை, ஆகஸ்ட் கடைசியில் குளிர்காலக் கூடுகைக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று. எல்லார் பெயருக்கும் நேராகப் பேனாவால் எழுதியிருக்கிறது, இவள் பெயருக்கு நேராக மட்டும் பென்சில். அழிக்க வசதியாக. அதைப் பார்த்த பிறகுதான் வாயை அடக்க முடியவில்லை. முழுத் தானியத்தில் செய்துதான் கொண்டுவருவேன், இல்லையென்றால் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அவளுடைய இங்கிலீஷில், இலக்கணம் எங்கே போனதோ தெரியாது, அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது. பீர் புளித்துப் பாட்டிலில் நின்று குடிக்கிற பக்குவத்துக்கு வர ஐந்து வாரம் வேண்டும். ஐந்து வாரம் சரியாக இன்றைக்குத்தான் இருக்கிறது, நாளைக்கு இல்லை. டின்னின் மேல் ஒரு பொன்னிறக் கதிர் படம் போட்டிருக்கிறது, உள்ளே கதிரும் இல்லை ஒன்றும் இல்லை.

டின் என்றால் அவளுக்குத் தெரியாதா. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக் கிச்சனில் டின்னும் மூட்டையும்தான். உருளைக்கிழங்குப் பொடி, வெந்நீர் ஊற்றினால் மசித்த கிழங்கு. சூப்புப் பொடி, வெந்நீர் ஊற்றினால் சூப்பு. முட்டைப் பொடிகூட உண்டு, கோழிக்குத் தெரிந்தால் அழும். தூத்துக்குடியில் பதினெட்டுப் பேர் இருந்த வீட்டுக்கு மீன் ஆய்ந்து குழம்பு வைத்தவள் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் வெந்நீர் ஊற்றினாள். ஒரு நாள் கிழங்குப் பொடி வரவில்லை, லாரி எங்கோ நின்றுவிட்டது, இவள் பாட்டுக்கு நிஜக் கிழங்கை வேகவைத்து மசித்துவிட்டாள், உப்பும் வெண்ணெயும் போட்டு, நாற்பது தட்டும் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தன. மேற்பார்வைக்காரி லிண்டா அலுவலறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள், அங்கே உட்கார வைத்தால் நல்லதுக்கில்லை. "ஜெசிந்தா, நீ கலக்கினால் போதும். சமைக்க வேண்டாம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கலக்கினால் போதும். வேலையை விட்டு வந்த கடைசி நாள் கேக் வெட்டினார்கள், அதுவும் பொடியில் செய்த கேக். நூலகத்துச் சுவரில் பீர் காய்ச்சும் வகுப்பு என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனது குடிக்கிற ஆசையில் இல்லை, அவள் ஒரு குவளைக்கு மேல் குடித்ததில்லை. அங்கே ஒருத்தன் பார்லியை ஒரு கை அள்ளிக் காட்டி, இதிலிருந்து தொடங்குவோம் என்றான். இதிலிருந்து. அந்த ஒரு சொல்லுக்காகத்தான். உருளைக்கிழங்கும் பார்லியும் எல்லாம் எதிலிருந்தோ தொடங்குகின்றன, பொடியிலிருந்து தொடங்குவதில்லை என்று அவளைத் தவிர இந்த ஊரில் இன்னொருத்தனுக்கும் தெரிந்திருந்தது. டின்னைத் திறக்க மாட்டேன். திறந்தால் கிரெக் ஜெயிக்க மாட்டான், பாவம் அவனுக்கு ஜெயிக்கத் தெரியாது, லிண்டா ஜெயிப்பாள்.

பத்து நாற்பது. கம்பளியை ஓரமாக விலக்கி, மூடியைத் தூக்கி, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைச் சாசரில் விட்டு, மேலே ஒரு சொட்டு அயோடின். மாவு மிச்சம் இருந்தால் கறுக்கும், எல்லாம் சர்க்கரையாகிவிட்டால் தேநீர் நிறத்திலேயே நிற்கும், கிரெக் சொல்லிக்கொடுத்த சோதனை. கறுத்தது. கத்திரிக்காய்த் தோல் மாதிரி கன்னங்கரேலென்று. சரி, அரை மணிதானே ஆகிறது, பொறுக்கலாம். மூடினாள். பிறகும் சாசரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே தப்பு. கிரெக் எழுதிக்கொடுத்த காகிதம் ஆணியில் தொங்குகிறது, எங்கெங்கே தப்பு வரலாம் என்று, மனப்பாடம் ஆகிவிட்டது, ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டு. மால்ட் சரியாக உடைந்திருக்கிறதா. உடைந்திருக்கிறது, கடைக்காரனை இரண்டு தடவை மில்லில் விடச் சொல்லி, கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள், ரவையும் உமியுமாக இருந்தது. சூடு. தெர்மாமீட்டரை ஐஸிலும் கொதிநீரிலும் விட்டுப் பார்த்தாயிற்று, பூஜ்யமும் நூறும் பிசகவில்லை. தண்ணீரைத்தான் காகிதத்தில் போட்டிருப்பதைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகக் காயவைக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அறுபத்தாறு வருவதில்லை, குளிர்காலம்தானே. தண்ணீரின் புளிப்பு. நிறம் மாறும் தாளைத் தோய்த்துப் பார்த்தாயிற்று. கிளறும்போது கட்டி விழுந்ததா. யாரைப் பார்த்து. ரவை உப்புமா கிண்டிக் கிண்டியே கை காய்த்தவளைப் பார்த்துக் கட்டி விழுந்ததா என்று கேட்கிற காகிதம். வடிக்கும்போது அவசரமா. பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறங்கும்வரை காப்பிக்காகக் காத்திருக்கிறவளுக்கு அவசரம் ஏது, அவசரம் அருளப்பனுக்குத்தான். சூட்டோடு குழாயை மிதக்கவிட்டு அளந்தாயா. இல்லை, ஆறவைத்துத்தான். காகிதம் தீர்ந்துவிட்டது. ஆணியிலிருந்து தொங்கிக்கொண்டு, நீயே சொல் என்று பார்க்கிறது.

காகிதத்தில் இல்லாததையும் கிரெக் போனில் கேட்டான். "வேறு ஏதாவது செய்கிறாயா, ஜெசிந்தா? நான் சொல்லாதது?" இல்லை என்றாள். இல்லைதானே. காலையில் எழுந்து, ஜெபம் சொல்லி, காப்பி குடித்து, மால்ட்டை நிறுத்து, களைந்து, தண்ணீர் காயவைத்து, கொட்டிக் கிளறி, மூடி, அவ்வளவுதான், ஒன்று குறையவில்லை, ஒன்று கூடவில்லை. அப்படியென்றால் தப்பு அவளில்தான் இருக்கிறது, வேலையில் இல்லை, கையில். இந்த நினைப்புத்தான் குளிரைவிட மோசமாக உள்ளே ஏறுகிறது. இருபத்திரண்டு வருஷம் வெந்நீர் ஊற்றினால் கை அதற்கே பழகிவிடுமோ. எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடுமோ. போன வாரம் நாத்தனார் ஊரிலிருந்து போன் போட்டாள், எவரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். "என்ன மதினி, நீங்க அங்க சாராய ஊறல் போடுதியளாமே? கேட்டதுலேர்ந்து எனக்குத் தலையே சுத்துது. அண்ணன் எப்படிச் சம்மதிச்சாவ?" அண்ணன் சம்மதிச்சாவளாம். உங்க அண்ணன் அலமாரியில் உப்பு எங்கே இருக்கிறது என்று இன்னும் கேட்கிறார், அவர்தான் சம்மதிக்க வேண்டும். கிறிஸ்மசுக்கு நாலு மாசம் முந்தியே ஜாடியில் திராட்சையும் சீனியும் போட்டுத் துணி கட்டி, தினம் கிளறி, வடிகட்டி, பங்குச்சாமியாருக்கு முதல் பாட்டில் கொடுத்துவிடுகிற வீடு அது. அது ஊறல் இல்லையாம், பலகாரத்தோடு சேர்ந்ததாம். அப்படியே கேட்டும் விட்டாள். "ஒங்க ஜாடில புளிச்சா திராட்ச ரசம், எம் பானைல புளிச்சா சாராயமா?" நாத்தனார் உடனே மருமகளின் வளைகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். நாத்தனாரிடம் ஜெயித்தது போதாது, சாசர் கறுத்துக் கிடக்கிறதே.

பத்து ஐம்பத்தைந்து. கறுப்பு. கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. முக்கால் மணி ஆகிவிட்டது, கிரெக்குடைய பானையில் அரை மணியிலேயே தேநீர் நிறம் வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்தாள். இனிப்பு இருக்கிறது, ஆனால் கூச்சப்படுகிற இனிப்பு, கஞ்சியில் யாரோ அரைக் கரண்டி சீனி போட்ட மாதிரி. கஞ்சி. அதுதான் சரியான வார்த்தை, இது கஞ்சி, பார்லிக் கஞ்சி, காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கலாம். பலகையில் பென்சிலை கிரெக் எப்படி அழிப்பான் என்று தெரிந்தது, சத்தம் வராமல், யாரும் பார்க்காத நேரத்தில், கட்டைவிரலால் தேய்த்து. இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான் வேண்டாம். தப்பு செய்தவளாக வெளியே போகலாம், பாவப்பட்டவளாகப் போகக் கூடாது. கண் தானாக டின்னுக்குப் போனது. திறந்து இதிலேயே ஊற்றினால் ஐம்பது என்ன, அறுபது காட்டும், குழாய் எம்பி நிற்கும், யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எழுந்து டின்னைக் கையில் எடுத்தாள், கனமாக இருந்தது, மூடியின் வளையத்தில் விரல் போயிற்று, விரலுக்கு என்ன தெரியும், இருபத்திரண்டு வருஷம் வளையம் இழுத்த விரல். "சீ போ" என்று வாய்விட்டே சொன்னாள், டின்னையா விரலையா தெரியவில்லை. அலமாரியில் திருப்பி வைக்காமல் தரையில் வைத்தாள். கீழே கிட.

அப்போதுதான் கராஜ் கதவைத் திறந்துகொண்டு அருளப்பன் வந்தான். காலில் தோட்டத்துச் சேறு, தலையில் குரங்குக் குல்லாய், இரண்டு கையாலும் ஒரு பெரிய எவர்சில்வர் சட்டியைத் தூக்கிக்கொண்டு, வயிற்றில் சாய்த்து. "ஏட்டி, இந்தா இருக்கே களைஞ்ச தண்ணி, இதையும் கறிவேப்பிலைக்கு ஊத்திரட்டா? ஒரு சட்டி ஊத்தியாச்சு. இன்னொண்ணு அங்க தொட்டிகிட்ட இருக்கு." அந்தக் கறிவேப்பிலை அவனுடைய கிரீடம்; மெல்பர்ன் குளிரில் எல்லார் வீட்டுச் செடியும் குச்சியாக நிற்கும்போது இது மட்டும் இந்த வருஷம் கொழுந்து விடுகிறது, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று நாலு பேருக்கு இணுக்கு இணுக்காகக் கொடுத்து, என் கைராசி என்று சொல்லிக்கொள்கிறான். "ஊத்துங்க, அதுக்கு இங்க வந்து கேக்கணுமா, நானே இங்க வெந்துபோய் இருக்கேன்" என்றாள். அவன் போகவில்லை. சட்டியை ஒரு ஆட்டு ஆட்டினான். "இல்ல, அரிசி களைஞ்ச தண்ணி இப்படி இருக்காதுல்லா. பால் கணக்கால்லா இருக்கு. மே மாசம் மொதத் தடவ இத ஊத்துனதுக்கப்புறந்தான் செடி இப்படித் தழைச்சுது. ஒம் பார்லித் தண்ணிக்கு என்னமோ சத்து இருக்கு, கேட்டியா. நீ களைஞ்சு வைக்கதெல்லாம் வீணாப் போவல."

என்னது. ஜெசிந்தா சட்டியைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஆடுகிற தண்ணீருக்கு அடியில் விரற்கடை உயரம் மாவு. களைந்த தண்ணீர். எதைக் களைந்தது. காலை ஏழு மணிக்கு அவள் களைந்தது, மூன்று தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் அலசி, சாய்த்து வடித்து. யார் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. ஏழு வயசில் ஸ்டூல் போட்டு ஏறி அரிசி களைந்த கை, தானியத்தைக் கண்டால் களையும், அதற்குத் தலையைக் கேட்க வேண்டியதில்லை. உளுந்தைக் களையும், பருப்பைக் களையும், ரவையாக உடைந்த மால்ட்டையும் களையும். வேறு ஏதாவது செய்கிறாயா என்று கிரெக் கேட்டபோது இல்லை என்றது பொய்யில்லை. மூச்சு விடுகிறாயா என்று கேட்டால் எவள் யோசிப்பாள். அந்தக் காகிதத்தில் பதினாறு வெள்ளைக்காரர்களின் தப்பெல்லாம் இருக்கிறது, கழுவினாயா என்று மட்டும் இல்லை, ஏனென்றால் அவன்கள் வீட்டில் எவனும் எதையும் களைந்ததில்லை, மாவை மூட்டையில் வாங்கி ரொட்டி சுடுகிறவன்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. கூடுதல் சூடு கேட்டது குளிரால் இல்லை, தானியம் ஈரமாகப் போனதால். மாவு போயிற்று, மாவைச் சர்க்கரையாக்குகிற சத்தும் முதல் தண்ணீரிலேயே கரைந்து போயிற்று, இரண்டு மாசமாக அவளுடைய பீரைக் கறிவேப்பிலை குடித்துக்கொண்டிருக்கிறது. வெட்கம் காதுவரை ஏறியது. உடனே அதன் பின்னாலேயே ஒரு பெரிய சந்தோஷம் வந்தது, மறைக்கத் தோன்றவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை பழுதில்லை. கைக்கு வேலை தெரிந்திருக்கிறது, தெரிந்தது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வெந்நீர் ஊற்றுகிற கையாக அது எப்போதும் மாறவே இல்லை, இருபத்திரண்டு வருஷமும் களைவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"கீழ ஊத்தாதீங்க!" என்று அவள் கத்திய கத்தலில் அருளப்பன் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். "குடுங்க இங்க. அந்த இன்னொண்ணையும் எடுத்துட்டு வாங்க, ஓடுங்க, ஒரு சொட்டு சிந்தப்பிடாது." "செடிக்கு, ஏட்டி..." "செடி பச்சத் தண்ணி குடிக்கட்டும். இம்புட்டு நாளு எம் பீரைக் குடிச்சுது." அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியவன், விளங்காமலே ஓடிப் போய் எடுத்துவந்தான். கடைசியில் தானியத்தை அலச என்று வைத்திருந்த வெந்நீரைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு இதுதான் என்று முடிவு செய்தாள். களைந்த தண்ணீரில் அழுக்கு இருந்தால் இருக்கட்டும், எப்படியும் பிறகு எல்லாம் ஒரு மணி நேரம் கொதிக்கப் போகிறது. இரண்டு சட்டியையும் ஒரே அகலப் பாத்திரத்தில் கொட்டி, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே நின்றாள். கொதிக்கக் கூடாது, எழுபதைத் தாண்டவே கூடாது, தாண்டினால் உள்ளே இருக்கிற சத்து செத்துப் போகும். அறுபத்தெட்டில் இறக்கிப் பானையில் ஊற்றி, கிளறி, தெர்மாமீட்டரை விட்டாள். அறுபத்தாறு. பானை விளிம்புவரை வந்துவிட்டது, மூடி படியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, மேலே வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தாள். தரையில் கிடந்த டின்னை எடுத்து மூடியின் நடுவில் வைத்தாள். படிந்தது. கதிர் படம் தலைகீழாக இருந்தது, இருக்கட்டும்.

இன்னொரு மணி நேரம். இந்தத் தடவை அருளப்பனும் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான், என்ன நடக்கிறது என்று கேட்டால் திட்டுவாளோ என்று கேட்காமலே. அவளாகச் சொன்னாள். கேட்டுவிட்டுக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அப்ப எங் கைராசி இல்லையா?" என்றான், முகம் விழுந்துபோய். "ஒங்க கைராசிதான், நீங்க மட்டும் அந்தச் சட்டியத் தூக்கிட்டு வரலன்னா நான் இந்நேரம் டின்ன ஒடைச்சிருப்பேன்" என்றாள், அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது, உடைத்திருக்க மாட்டாள், ஆனால் சொன்னால் என்ன. அரை மணியில் சாசரில் விட்ட சொட்டு கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல் நாவற்பழ நிறத்தில் நின்றது. முக்கால் மணியில் அதுவும் போய்த் தேநீர் நிறம். மறுபடி விட்டாள். தேநீர். அருளப்பனிடம் காட்டினாள். "டீ மாரி இருக்கு" என்றான். "டீ மாரிதான் இருக்கணும்" என்றாள்.

குழாயைத் திறந்து சாறு வடிய வடிய, அதே சாற்றைத் திரும்பத் தானியத்தின் மேல் ஊற்றி, தெளிந்து வரும்வரை மூன்று தடவை, அவசரப்படாமல் வடித்தாள். வாசம் வந்தது, கராஜ் முழுக்க, இதற்கு முந்தின இரண்டு தடவையும் வராத வாசம். ஒரு குவளை எடுத்து, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டாள். அது ஒரு குதி குதித்து, ஆடி, நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நாற்பத்தாறு. ஐம்பது இல்லை, மிச்சம் நாலு கறிவேப்பிலையின் வேரில் இருக்கிறது, அது அதற்குக் கொடுத்ததாக இருக்கட்டும். நாற்பத்தாறு இலகு இல்லை. நாற்பத்தாறைக் குடித்துவிட்டு எவனும் இலகு என்று சொல்ல மாட்டான். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், மூன்றாவது மணியில் கிரெக் எடுத்தான், அவன் குரலில் ஆறுதல் சொல்லத் தயாராக ஒரு மென்மை இருந்தது, எப்படி வந்தது என்று கேட்டான். என்ன தப்பு என்று பிறகு சொல்லலாம், அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், அரிசியிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது ஒன்றுதான் கேட்க இருந்தது.

"கிரெக், பக்கத்தில் பேனா இருக்கிறதா?"